படிவத்தில் எழுதிய பிறந்த தேதி



கணினி படிக்கும் மாணவர்கள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் அநேகமாக எல்லோரும் கை வைத்த ஓர் இடத்தைப் பற்றியே பேசப்போகிறேன். இணையப் படிவங்களில் ‘பிறந்த தேதி’ என்று ஒரு பெட்டி இருக்குமே, அதுதான்.

நம் ஊரில் பிறந்த தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்று ஆகிவிட்டால் அதைச் சரிசெய்ய எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! பள்ளியில் சேர்த்த அன்று யாரோ மாற்றி எழுதியதால் அது வந்திருந்தால் குடும்பத்துக்காவது காரணம் தெரியும். விண்ணப்பதாரர் சரியாகவே நிரப்பினார், நடுவில் இருந்த புரோகிராம் ஒரு நாளைக் குறைத்துவிட்டது என்றால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்? தான் எழுதியது மாறிவிட்டது என்று அவருக்குத் தெரியவே பல மாதம் ஆகலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய படிவங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

ஒரு பெண் 2007 மார்ச் 15 அன்று பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுக்கிறார். புரோகிராமர் அந்த மூன்று எண்களையும் ‘டேட்’ என்ற ஆப்ஜெக்டுக்குள் போடுகிறார். சர்வருக்கு அனுப்புவதற்காக ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ என்ற மெத்தடைக் கூப்பிட்டு, வருகிற எழுத்துகளில் முதல் பத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறார். ஒரே வரியில் முடிகிற வழி என்பதால் பலரும் பலருக்கும் சொல்லிக்கொடுக்கிற வழி இது. சர்வருக்குப் போய்ச் சேர்வது 2007-03-14.

டேட் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் தேதி இல்லை. இருப்பது ஒரே ஓர் எண்: 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் கடந்திருக்கிறது என்ற கணக்கு. அது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம். நாளையும் மாதத்தையும் நாம் கேட்கும்போதுதான் அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் இந்திய நேரத்தில் இருக்கிறது. மணி எதுவும் சொல்லாமல் மார்ச் 15 என்று மட்டும் சொன்னதால், அன்று இந்திய நள்ளிரவு 12 மணி என்று டேட் எடுத்துக்கொண்டது. நாம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியவர்கள். அந்தக் கணத்தில் அங்கே மார்ச் 14 மாலை 6.30. டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் எப்போதும் யூடிசி எனப்படும் அந்தப் பொது நேரத்தில்தான் பதில் சொல்லும்.

ஜாவாஸ்கிரிப்ட் இங்கே தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது. தவறு அதற்கு முன்பே நுழைந்துவிட்டது: ஒரு நாளை ஒரு கணமாக மாற்றியபோது. பிறந்த தேதி என்பது காலண்டரில் ஒரு கட்டம். சென்னையிலிருந்து பார்த்தாலும் டொராண்டோவிலிருந்து பார்த்தாலும் அந்தப் பெண் பிறந்தது மார்ச் 15தான். அந்தத் தேதிக்கு நேர மண்டலம் கிடையாது. வங்கியில் பணம் கைமாறியது, விமானம் புறப்பட்டது, தேர்வுக்கான விடைத்தாள் பதிவேறியது ஆகியவை கணங்கள். அவற்றுக்கு மில்லிசெகண்ட் கணக்கு பொருந்தும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் படிவங்களில் வரும் தேதிப் பிழைகளில் பெரும்பகுதி தலைகாட்டவே காட்டாது. இன்று நான் சொல்ல வந்தது அடிப்படையில் இவ்வளவுதான்.

இதே ஒற்றை வரியை ‘இன்றைய தேதி’ எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். அப்போது பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். காலை 5.30க்குப் பிறகு நமக்கும் யூடிசிக்கும் ஒரே தேதி என்பதால் பகல் முழுக்க விடை சரியாக வரும். நள்ளிரவு தொடங்கி 5.30 வரை மட்டும் நேற்றைய தேதி வரும். அலுவலகத்தில் சோதித்துப் பார்ப்பவர் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறார். அவர் கண்ணில் இது படவே படாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், வருகைப் பதிவேட்டில் இரண்டு மணிக்குக் கையெழுத்திடும் காவலாளி, இவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சர்வரிலிருந்து 2007-03-15 என்று எழுத்தாக வருகிறது. அதை அப்படியே டேட்டிடம் கொடுக்கிறோம். இப்போது அது யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். இந்தியாவில் திரையில் காட்டினால் மார்ச் 15 காலை 5.30, தேதி சரி. நியூயார்க்கில் அதே பக்கத்தைத் திறந்தால் மார்ச் 14. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு எழுதிக்கொடுக்கும் நம் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். தங்கள் திரையில் எல்லாம் சரி, வாடிக்கையாளர் திரையில் ஒரு நாள் குறைவு.

அதே எழுத்தோடு மணியையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். தேதி மட்டும் என்றால் யூடிசி, மணியும் சேர்ந்தால் உள்ளூர்! இப்படி ஒரு விதியை ஏன் வைத்தார்கள் என்று கோபப்படத் தோன்றும். ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மண்டலம் குறிப்பிடாவிட்டால் யூடிசி என்றது. 2015 பதிப்பு, சர்வதேசத் தர வழக்கத்தைப் பின்பற்றி உள்ளூர் நேரம் என்று மாற்றியது. அதற்குள் உலகெங்கும் எழுதப்பட்டிருந்த பக்கங்கள் பழைய வழக்கத்தை நம்பியிருந்தன. 2016 பதிப்பில் சமரசமாக இந்த இரட்டை விதி நிலைத்தது. இணையத்தில் ஒருமுறை நடைமுறைக்கு வந்ததைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. பெற்றால் ஏதோ ஒரு மூலையில் யாருடைய பக்கமோ உடையும்.

டேட்டின் வரலாறு முழுவதுமே இப்படித்தான். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். ஜாவாவைப் போலத் தோன்ற வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. தேதிக்கான பகுதி ஜாவாவிலிருந்தே அப்படியே எடுத்து வரப்பட்டது. மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தும் ஆண்டை 1900த்திலிருந்தும் எண்ணும் வழக்கம் அதற்கும் முன்னே சி மொழியில் இருந்தது. அதனால்தான் ஜனவரி 0, டிசம்பர் 11. ஆனால் நாள் மட்டும் 1இல் தொடங்கும். ஜாவாக்காரர்கள் 1997லேயே தங்கள் டேட்டின் பெரும்பாலான மெத்தடுகளைக் கைவிடும்படி அறிவித்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டில் அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

‘கெட்இயர்’ என்று ஒன்று இருந்தது. 1999இல் கேட்டால் 99 என்று சொல்லும். அதற்கு முன்னால் 19 என்று ஒட்டிக் காட்டினார்கள். 2000 பிறந்ததும் அது 100 என்றது. இணையப் பக்கங்களில் ஆண்டு 19100 ஆனது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் கடற்படை வானாய்வகத்தின் தளத்திலேயே அன்று அப்படித்தான் காட்டியது. ‘பார்ஸ்இன்ட்’ என்ற இன்னொன்று, எழுத்தாக இருக்கும் எண்ணை எண்ணாக மாற்றித் தருவது. பழைய பிரவுசர்களில், பூஜ்யத்தில் தொடங்கினால் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். எண்மத்தில் 8ம் 9ம் கிடையாது. ஆகவே படிவத்தில் 01 முதல் 07 வரை எல்லாம் சரியாக வரும். 08, 09 என்று எழுதினால் விடை பூஜ்யம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிறந்தவர்களை மட்டும் தள்ளிவைத்த படிவங்கள் அப்போது இருந்தன! 2009 பதிப்பு இதைத் தடை செய்தது. ஆனாலும் பார்ஸ்இன்ட்டுக்குப் பக்கத்தில் 10 என்று அடிமானத்தைக் குறிப்பிடும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

இந்தியர்களாகிய நமக்கு உள்ள தனிச் சிக்கல் சாய்கோடு. 03/04/2007 என்றால் நமக்கு ஏப்ரல் 3. டேட்டிடம் கொடுத்தால் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று படிக்கும். 15/03/2007 என்று கொடுத்தால் பதினைந்தாவது மாதம் இல்லையே என்று செல்லாத தேதி ஆக்கிவிடும். இதில் எது ஆபத்தானது? செல்லாதது உடனே தெரிந்துவிடும். 12ஆம் தேதிக்குள் பிறந்தவர்களின் நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறுவதுதான் ஆபத்து. புரோகிராமர் 25ஆம் தேதியைப் போட்டுச் சோதித்து, அந்தப் பிழையை மட்டும் அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவார். சாய்கோட்டில் வரும் தேதியை டேட்டிடம் கொடுக்கவே கூடாது. நீங்களே மூன்றாகப் பிரித்து எது நாள், எது மாதம் என்று நிர்ணயம் செய்யுங்கள்.

பிரித்த பிறகு சரிபார்க்கவும் வேண்டும். பிப்ரவரி 30 என்று கொடுத்தால் டேட் மறுக்காது. மிச்ச நாளை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டு மார்ச் 2 அல்லது 1 என்று வைத்துக்கொள்ளும். தள்ளப்பட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உருவாக்கிய டேட்டிடமே நாளையும் மாதத்தையும் திருப்பிக் கேளுங்கள். கொடுத்ததும் திரும்பி வந்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்படி ஒரு நாள் காலண்டரில் இல்லை.

தேதியை விட்டுப் படிவத்துக்குக் கொஞ்சம் வருவோம். படிவப் பெட்டியிலிருந்து வருவது எப்போதும் ஸ்ட்ரிங்தான், எண் அல்ல. 5ஐயும் 10ஐயும் கூட்டினால் 510 வருவது இதனால்தான். கல்வி உதவித்தொகைப் படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் தகப்பனார் 1,00,000 என்று கால்புள்ளி வைத்து எழுதுகிறார். பார்ஸ்இன்ட் முதல் கால்புள்ளியிலேயே நின்று 1 என்று சொல்லும். ‘நம்பர்’ கொண்டு மாற்றினால் எண்ணே இல்லை என்று சொல்லும். பெட்டி காலியாக இருந்தாலோ 0 என்று சொல்லும். வருமானம் எழுதாதவரும் வருமானமே இல்லாதவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். கால்புள்ளிகளை நீக்கிவிட்டு, காலியா என்று தனியாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் எண்ணாக்க வேண்டும். மக்கள் எழுதுகிறபடி எழுதட்டும். அதைப் புரிந்துகொள்வது நம் வேலை.

படிவத்துக்குள் ‘வயதைக் கணக்கிடு’ என்று ஒரு பட்டன் வைக்கிறீர்கள். அழுத்தினால் பக்கம் மறுபடி ஏறி, நிரப்பியதெல்லாம் போய்விடுகிறது. படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு வகை குறிப்பிடாவிட்டால் அது சமர்ப்பிக்கும் பட்டன் என்பதே விதி. வகையைச் சாதாரண பட்டன் என்று எழுதினால் தீர்ந்தது. சமர்ப்பிக்கும் பட்டனுக்கு ‘சப்மிட்’ என்றே பெயர் வைப்பதும் வம்பு. படிவத்தின் சப்மிட் மெத்தடை அந்தப் பெயர் மறைத்துவிடும், கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று பிழை வரும். பெயர் இல்லாத பெட்டியும், முடக்கிவைத்த பெட்டியும், டிக் போடாத கட்டமும் சர்வருக்குப் போகவே போகாது. மாற்ற முடியாதபடி காட்ட வேண்டும், ஆனால் அனுப்பவும் வேண்டும் என்றால் முடக்காமல் படிக்க மட்டும் என்று வையுங்கள்.

பிரவுசரே தரும் தேதிப் பெட்டி நல்லதுதான். திரையில் அவரவர் ஊர் வழக்கப்படி காட்டினாலும், உள்ளே அதன் மதிப்பு எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வடிவம். தேதி முழுமையாக இல்லாவிட்டால் காலி. ஆனால் பிறந்த தேதிக்குக் காலண்டரை விரித்துக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. 1958இல் பிறந்த ஒருவர் மாதம் மாதமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டுமா? கைபேசியில் விரல் நடுங்கும் முதியவரை இப்படிச் சோதிப்பது நியாயமே இல்லை. பிரிட்டன் அரசின் இணையத் தளங்களுக்கான வடிவமைப்பு நெறிகள், பிறந்த தேதி போல மனத்தில் இருக்கும் தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய பெட்டிகளைப் பரிந்துரைக்கின்றன. எல்லோருக்கும் தங்கள் பிறந்த தேதி மனப்பாடம்; எழுத இடம் கொடுத்தால் போதும்.

இனி, முதியவர்களின் தேதிக்கென்றே உள்ள ஒரு பிழை. இதை நம் ஊர் மென்பொருளாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் குறைகிறது என்று கண்டுபிடித்ததும் பலர் செய்யும் வைத்தியம், யூடிசி நேரத்தோடு ஐந்தரை மணியைக் கையால் கூட்டிவிடுவது. 2007இல் பிறந்தவருக்கு இது சரியாக வரும். 1943 ஜூன் 10 அன்று பிறந்தவருக்கு வராது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அப்போது நாம் ஆறரை மணி முந்தியவர்கள். உலகின் நேர மாற்றங்களையெல்லாம் பதிந்துவைத்த ஒரு பட்டியல் இன்றைய பிரவுசர்களிடம் இருக்கிறது. அதைப் பார்த்து, 1943 ஜூன் 10 இந்திய நள்ளிரவு என்றால் யூடிசியில் ஜூன் 9 மாலை 5.30 என்று பிரவுசர் சரியாகவே கணக்கிடும். நாம் ஐந்தரையைக் கூட்டினால் ஜூன் 9 இரவு 11 மணி. மறுபடி ஒரு நாள் போய்விட்டது, அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு. ஓய்வூதியம் வாங்கும் ஒருவருக்கு இது விளையாட்டு இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு இது முதியவர்களின் பிரச்சினைகூட இல்லை. மின்வெட்டை ஒட்டி 1996 மே மாதம் இலங்கை ஆறரைக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவர்கள் இன்று பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும் இளைஞர்கள். கொழும்பு நேரத்தில் இருக்கும் பிரவுசரில், கையால் ஐந்தரை கூட்டும் கோட் அவர்கள் எல்லோருக்கும் ஒரு நாளைக் குறைத்துவிடும். பிரவுசரிடம் உள்ள அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு இன்னும் பின்னே போனால், 1906க்கு முந்தைய மெட்ராஸ் நேரமும் இருக்கிறது: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. தாத்தாவின் தாத்தா பிறந்த தேதியை வம்சாவளிப் புரோகிராமில் ஏற்றினால் பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் கடிகாரம் உங்கள் பிரவுசரில் ஓடும்!

வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தேதிக்கும் உள்ள நாள்களை 365.25ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 2005 மார்ச் 15 அன்று பிறந்தவருக்கு 2023 மார்ச் 15 அன்று 18 நிறைகிறது. இடையில் 6574 நாள். வகுத்துப் பாருங்கள், 18க்கு மயிரிழை குறைவு. முழு எண்ணாக்கினால் 17. 18 நிறைந்த நாளிலேயே அவரைச் சிறார் என்று சொல்கிறோம். ஊரில் பாட்டிமார் கணக்கிடுவது போலவே செய்ய வேண்டும். ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து, இந்த ஆண்டின் பிறந்த நாள் இன்னும் வராவிட்டால் ஒன்றைக் குறைக்க வேண்டும். மில்லிசெகண்டுக்கு இங்கே வேலையே இல்லை.

அப்படியானால் பிறந்த தேதியை எப்படித்தான் வைத்துக்கொள்வது? எழுத்தாகவே. 2007-03-15 என்று படிவத்தில் வந்தது அப்படியே சர்வருக்குப் போகட்டும். டேட்டாபேஸில் நேரம் சேராத, தேதி மட்டும் கொள்ளும் பத்தியில் உட்காரட்டும். இந்த வடிவத்தின் அழகு, எது முந்தியது என்று பார்க்க ஸ்ட்ரிங்குகளை அகரவரிசையில் ஒப்பிட்டாலே போதும் என்பது. தமிழில் காட்ட வேண்டுமா? ‘Intl’ என்று தொடங்கும் பன்மொழி வசதி எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது. மாதப் பெயர்களை அது தமிழிலேயே தரும். காட்டுவதற்காக டேட் ஆக்கும்போது, உள்ளே போவதும் யூடிசி, வெளியே வருவதும் யூடிசி என்று இரண்டு முனையிலும் குறிப்பிட்டுவிட்டால் நாள் நகராது.

மொழிக்குள்ளேயே இதற்கு வழி பிறந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் தரத்தை வகுக்கும் டிசி39 குழு, டெம்பரல் என்ற புதிய பகுதியைப் பல ஆண்டு உழைத்து உருவாக்கியிருக்கிறது. 2021இல் அது மூன்றாம் கட்டத்தை எட்டியது. 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 139ஆம் பதிப்பில் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் கணத்துக்கு ஒரு வகை, நேர மண்டலத்தோடு சேர்ந்த நேரத்துக்கு ஒரு வகை, வெறும் தேதிக்கு ‘பிளெய்ன்டேட்’ என்று தனி வகை. ஜனவரி அதில் 1. பிப்ரவரி 30 கொடுத்தால் மறுத்துவிடச் சொல்லலாம். ஒருமுறை உருவாக்கியதை வேறு யாரும் நடுவில் மாற்ற முடியாது. முப்பது ஆண்டு தாமதம்தான். ஆனாலும் வந்ததே என்று நான் மகிழ்கிறேன். உங்கள் பயனர்களின் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது வந்து சேரும்வரை எழுத்தாக வைத்துக்கொள்ளும் வழி போதும்.

மாணவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் தாங்கள் எழுதிய ஏதாவது ஒரு படிவத்தைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை லாஸ் ஏஞ்சலிஸ் என்று மாற்றி ஒருமுறை, கொழும்பு என்று மாற்றி ஒருமுறை சோதியுங்கள். தேதிகளாக 1943 ஜூன் 10, 1999 ஆகஸ்ட் 8, 2004 பிப்ரவரி 29, 2007 ஏப்ரல் 3 ஆகியவற்றைக் கொடுங்கள். சமர்ப்பித்த பிறகு, திரையில் தெரிவதை நம்பாமல், டேட்டாபேஸில் போய் உட்கார்ந்திருக்கும் தேதியைப் பாருங்கள்.